மதகம்மா கதவடைத்த காலைகள்

விடிந்தும் விடியாததுமாக நீலவேணி அலைமதிலின்மேல் ஏறி, மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு, பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டாள். கீழே உப்பங்கழியில் நெடுங்கல் குப்பத்துப் படகுகள் கடலுக்குப் போக வரிசையில் நின்றன. மின்மோட்டார் வந்தபின் படகுகளுக்குச் சத்தமே கிடையாது. ஆட்களும் தூக்கக் கலக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே, மூன்று மாடி உயரத்துக்குத் தூக்கி நிறுத்திய அலைக்கதவு. முதல் படகு அதன் நிழலைத் தொட்டதும் டணார் என்று மணி அடித்தது. கதவு அவசரமே இல்லாமல் இறங்கி, தண்ணீரில் அமிழ்ந்து, வழியை அடைத்துக்கொண்டது.

"ஆரம்பிச்சிட்டாடா மகராசி!" முதல் படகிலிருந்து ஒருவன் கத்தினான். "ஏ மதகம்மா, இன்னா உனுக்கு தெனம் இதே பொழப்பா? தொற!"

பின்னால் நின்ற படகுகளிலும் தூக்கம் கலைந்தது. ஆளாளுக்கு எழுந்து நின்று வாய்க்கு வந்ததைத் திட்டினார்கள். நெடுங்கல் குப்பத்தாரின் வசவுகளில் பாதியை அச்சில் ஏற்ற முடியாது. மீதிப் பாதியும் அந்தக் கதவின் பிறப்பைப் பற்றியது. எல்லாரும் திட்டி ஓய்ந்த பிறகு கதவு அதே நிதானத்தோடு மேலே ஏறியது. படகுகள் போயின. நீலவேணி ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள்.

கடல் ஊருக்குள் வரத் தொடங்கியபோது கரை நெடுகச் சுவர் எழுப்பினார்கள். ஒவ்வொரு கழிமுகத்துக்கும் ஒரு கதவு வைத்தார்கள். ஒவ்வொரு கதவுக்கும் தானாக யோசிக்கும் ஒரு இயந்திர மூளையை, ஒரு வளர்ப்பு மதியைக் கொடுத்தார்கள். வளர்ப்பு மதியை யாரும் எழுதி உருவாக்குவதில்லை. பிள்ளை வளர்ப்பதுபோல அந்தந்த ஊர்க்காரர்தான் பழக்கி ஆளாக்க வேண்டும். வாடைக்காற்று எப்போது திரும்பும், கொண்டல்காற்று எந்த நிறத்து வானத்தோடு வரும், எந்த அலை சும்மா மிரட்டும், எது நிஜமாகவே அடிக்கும் என்றெல்லாம் குப்பத்து ஆட்கள் முறை வைத்து உட்கார்ந்து வருடக்கணக்கில் இந்தக் கதவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கடற்கதவு வாரியத்தின் கணக்கில் அது வடக்கு அலைக்கதவு ஏழு. குப்பத்தில் அவள் மதகம்மா.

சொன்னதெல்லாம் அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் பதில் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. பேசும் இயந்திரங்கள் ஒரு தலைமுறையையே நைச்சியமாகப் பேசிப் பேசி ஆட்டிவைத்த பிறகு, பொதுவேலையில் இருக்கும் எந்த மதிக்கும் பேச்சும் எழுத்தும் ஆகாது என்று வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டார்கள். திறக்கலாம், மூடலாம், அதற்கு முன் மணி அடிக்கலாம். அதற்கு மேல் எதுவும் கூடாது. அதனால் ஒரு மதிக்கு ஏதாவது குறை என்றால் அது தாறுமாறாக நடந்து காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓடும் ரயில் நடுவழியில் நிற்கும். தெருவிளக்கு பட்டப்பகலில் எரியும். முதலில் அப்படி நடந்த மதிகளையெல்லாம் நினைவோடு துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். பிறகுதான் இன்னொரு சட்டம் வந்தது: காரணம் காணாமல் துடைக்கக் கூடாது. அந்தக் காரணத்தைக் காண்பதற்கென்றே நடத்தை ஆய்வர் என்று ஒரு கூட்டம் உருவானது. நெடுங்கல் குப்பத்திலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள் நீலவேணி. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று அவளும் சொல்லமாட்டாள்.

*

"மூணு வாரம் ஆச்சு, நீலவேணி," என்றார் ஷெரீபா. கடற்கதவு வாரியத்தின் பொறியாளர். நல்ல பெண்மணி, காலில் சேறு படுவதைப் பற்றிக் கவலைப்படாமல் மதில்மேல் நடந்து வந்திருந்தார். "மழைக்காலம் வரப்போகுது. என்னன்னு சொல்லுங்க. இல்லன்னா நான் துடைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்."

"தொடச்சா இன்னா ஆவும்னு தெரியும்ல மேடம்? புதுசா ஒண்ண வளர்க்க பன்னெண்டு வருசம். அதுவரிக்கும் இந்தக் கதவு கடியாரத்தப் பாத்துதான் தொறக்கும். அப்டி கதவு இருக்கிற எடத்துல மீன்புடி போட்டு வெக்க வாரியம் உடாது. எங்க ஜனத்த தெக்க எங்கியாவது கொண்டுபோய்ப் போட்ருவீங்க."

"தெரியும். அதனாலதான் உங்களக் கூப்பிட்டேன்."

ஷெரீபாவோடு பேசும்போது நன்றாகப் பேச வேண்டும் என்று நீலவேணி ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்வாள். மதகம்மா பேச்சு வந்ததும் குப்பத்துப் பாஷை தானாக வந்துவிடும்.

தொழிலின் முறை எளிமையானதுதான். முதலில் கேட்பது: சுற்றியிருப்பவர்களிடம் எப்போது, எங்கே, யார் இருக்கும்போது இது நடக்கிறது என்று விசாரிப்பது. அடுத்தது பார்ப்பது: செயலுக்கு முன் என்ன நடந்தது, செயல் என்ன, அதற்குப்பின் அதற்கு என்ன கிடைத்தது என்று ஒன்றுவிடாமல் கவனிப்பது. கடைசியில் சோதிப்பது: இதுதான் காரணம் என்று தோன்றுவதை வேண்டுமென்றே கொடுத்தும் நிறுத்தியும் பார்ப்பது. எந்த முரட்டுத்தனத்துக்கும் பொதுவாக நான்கு காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும். பிடிக்காத வேலையிலிருந்து தப்ப வேண்டும். ஏதோ ஒன்று கைக்குக் கிடைக்க வேண்டும். அல்லது அந்தச் செயலே அதற்குச் சுகம். பிள்ளைகளுக்காகக் கண்டுபிடித்த முறை இது. மதிகளும் பிள்ளைகளாக வளர்வதால் அவற்றுக்கும் பொருந்திவிட்டது.

"வேலைக்கு டிமிக்கி குடுக்கல மேடம்," என்றாள் நீலவேணி. "மூடி வெக்கிறதுதான் அதுக்குக் கஷ்டமான வேலை. சொகத்துக்காகவும் இல்ல. யாரும் இல்லாதப்ப ஒருநாள்கூட இப்டி மூடல. ஜனங்க திட்டுனாத்தான் தொறக்குது. திட்டு வாங்கத்தான் மூடுது."

"கவனம் வேணும்ங்கறீங்க."

"ஆமா. முன்னாடி போட்டுங்க போறப்ப ஒவ்வொருத்தரும் அவுங்கவுங்க பேரச் சொல்லி சவுண்டு குடுப்பாங்க. 'ஜெகன் போறேன் மதகம்மா'ன்னு. திரும்பி வர்றப்ப 'வந்துட்டேன்'னு. நீங்க போன வருசம் போட்டுக்கு போட்டு அடையாளச் சில்லு வெச்சப்பறம் கதவுக்கு எல்லாம் ரேடியோவுலயே தெரிஞ்சுபோவுது. ஜனங்க பேசறத உட்டுட்டாங்க. இது ஏங்கிப்போச்சு."

சொல்லும்போது அது அவ்வளவு சரியாக இருந்தது. தானாகவே கணக்குப் பொருந்திவிட்டதாக நீலவேணிக்குத் தோன்றியது. கவனத்துக்காகச் செய்யும் குறும்புக்கு மருந்து எல்லா ஆய்வருக்கும் தெரியும்: குறும்பு செய்யும்போது திரும்பிப் பார்க்காதே, சும்மா இருக்கும்போது கொஞ்சு. அன்று மாலையே குப்பத்துக்குத் தகவல் போனது. நாளையிலிருந்து கதவு மூடினால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. வாரியத்தின் ஒலிபெருக்கி மட்டும் மணிக்கொருமுறை மதகம்மாவுக்கு அன்பாக வணக்கம் சொல்லும்.

மறுநாள் காலை மணி அடித்தது. கதவு இறங்கியது. படகுகளில் இருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கல்லாகச் சமைந்திருந்தார்கள். ஒலிபெருக்கி தேன் ஒழுக வணக்கம் சொன்னது. மதகம்மா அசையவில்லை.

சூரியன் ஏறியது. யாரும் பேசவில்லை. கதவும் திறக்கவில்லை. குறும்பைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அடங்குவதற்கு முன் ஒருமுறை அதிகமாகும் என்று பாடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லித்தான் நீலவேணி கீழே இருந்தவர்களைப் பொறுக்கச் சொன்னாள். உச்சிவெயில் வந்தபோது அவள் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் பெட்டியில் போட்ட ஐஸ் எல்லாம் உருகி, அன்றைய சந்தையும் போய், ஜெகன் என்ற இளவட்டம் தன் படகின் முனையில் ஏறி நின்று மதிலைப் பார்த்துக் கத்தினான். நீலவேணியின் சித்தி மகன் அவன்.

"யக்கா! நீ படிச்சது போதும்க்கா! எங்கள பட்டினி போட்டுத்தான் உன் பரீட்ச பாஸாவணுமா?"

அதுதான் சாக்கு என்று எல்லாரும் அவரவர் பங்குக்குக் கத்தினார்கள். இந்தமுறை வசவு மதகம்மாவுக்கு இல்லை, நீலவேணிக்கு. கதவு ஏறியது.

ஷெரீபா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நீலவேணிக்குத் தேவலை என்றிருக்கும். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு," என்றார். "அதுக்கு மேல என் கையில இல்ல."

*

வீட்டில் அவள் அப்பா தேசிங்கு அடுப்படியில் நின்று வஞ்சிரத் துண்டுகளுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். போன வருடம் இதயத்தில் கருவி வைத்ததிலிருந்து அவருக்குக் கடல் இல்லை. கடல்தகுதிச் சட்டம் அப்படி. பொங்கல் கழித்து மறுபரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள், அதில் தேறிவிட்டால் திரும்பவும் போகலாம் என்ற ஒரே நினைப்பில்தான் அவர் மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டேன்," என்றார், திரும்பிப் பார்க்காமல். "நாளிக்கு அழிக்கிறாங்களாமே."

"ஆமா நைனா."

"அது என்னை இட்டாந்த கதவு."

அவர் எதைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். குப்பத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். பெரும்புயல் அடித்த அன்று, உடனே மூடு என்று வாரியத்திலிருந்து கட்டளைமேல் கட்டளை வந்தும் மதகம்மா மூடவில்லை. அலை உள்ளே வந்து வலைக்கூடங்கள் முழுகின. அவள் மூடாமல் நின்றாள். கடைசியாக ஒரு படகு, மோட்டார் செத்து, துடுப்பு போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. அதிலிருந்து "தேசிங்கு வந்துட்டேன் மதகம்மா!" என்று ஒரு குரல் கேட்ட பிறகுதான் அவள் கதவை இறக்கினாள். அப்போது நீலவேணி கைக்குழந்தை. அந்தக் கதையைச் சொல்லும்போது குப்பத்தில் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு நிமிரும், தாங்களே பெற்று வளர்த்ததுபோல. வளர்த்ததும் அவர்கள்தானே.

"மீனு ஏது நைனா?"

"ஜெகன் குட்த்தான்."

"இன்னிக்குத்தான் யாரும் போவலியே."

"நேத்து குட்த்தது. ஐஸ்ல கெடந்துது." தேசிங்கு தோசைக்கல்லைத் தேவையே இல்லாமல் இன்னொருமுறை கழுவினார். "நீ துன்னு. மூஞ்சி வாடிப்போய் கீது."

அவள் சாப்பிட்டாள். பிறகு காதில் கருவியை மாட்டிக்கொண்டு மூன்று வாரக் காலைகளின் பதிவுகளைத் திரும்பக் கேட்க உட்கார்ந்தாள். செயலுக்குப்பின் என்ன கிடைத்தது என்ற இடத்தில் ஒவ்வொரு நாளும் அவள் "திட்டு" என்று ஒரே சொல்லாகக் குறித்திருந்தாள். இப்போது திட்டைப் பிரித்துக் கேட்டாள். ஒருநாள் ஒரே ஆள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்திருக்கிறான், கதவு திறக்கவில்லை. இன்னொரு நாள் ஆளுக்கு ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்கிறார்கள், உடனே திறந்திருக்கிறது. எவ்வளவு சத்தம் என்பதைப் பற்றி மதகம்மாவுக்கு அக்கறையே இல்லை. வாரியத்தின் தேனொழுகும் வணக்கம் பற்றிச் சுத்தமாக இல்லை. ஒவ்வொரு காலையிலும் அதுவரை கேட்காத ஒரு குரல் கடைசியாகக் கேட்கும். அதற்கு அடுத்த நொடி கதவு ஏறும்.

நீலவேணி கருவியைக் கழற்றி வைத்தாள். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. மதகம்மா கவனம் கேட்டு ஏங்கவில்லை. யார் யார் போகிறீர்கள் என்று கேட்கிறாள். சில்லு படகைத்தான் சொல்லும், படகில் இருக்கும் ஆளைச் சொல்லாது. ஆளைத் தெரியாமல் எப்படி அனுப்புவாள்? யாருக்காகத் திறந்து வைப்பாள்? வாயில்லாதவள் வேறு எப்படித்தான் கேட்பாள்? முட்டுக்கட்டை போட்டுப் பார்த்திருக்கிறாள், பாவம். அதற்கு ஊரே திட்டியிருக்கிறது. அந்தத் திட்டை வைத்து அவள் தலை எண்ணியிருக்கிறாள்.

"நைனா!" என்று கூப்பிட்டாள். தேசிங்கு விளக்கை அணைத்துவிட்டு அதற்குள் படுத்திருந்தார். இப்போதெல்லாம் அவர் சீக்கிரமே படுத்து, கருக்கலில் எழுந்து, கடற்கரையில் நடக்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார்.

*

காலையில் ஷெரீபா கையில் ஆணையோடும் முகத்தில் கொஞ்சம் நம்பிக்கையோடும் வந்து நின்றார். நீலவேணி சோதனையை விளக்கினாள். மதகம்மாவின் நீர்ச்செவிகள் கழியின் அடியில் இருக்கின்றன. படகில் ஒருவர் கால் மாற்றி நின்றாலும் பலகை வழியாக அவளுக்குக் கேட்கும். ஆக எத்தனை பேர் என்பது அவளுக்குத் தெரியும். யார் என்பது குரலைக் கேட்டால்தான் தெரியும்.

"ஒவ்வொரு போட்டா உடுவோம் மேடம். வேற சத்தமே கூடாது. மொதல்ல வெளியாள் திட்டுனாலும் தொறக்காதுன்னு காட்டறேன். அப்பால அவுங்கவுங்க பேரச் சொல்லட்டும்."

முதல் படகு நெருங்கியது. மணி. கதவு இறங்கியது. வாரிய ஊழியர் ஒருவர், பாவம், ஒலிபெருக்கியில் தனக்குத் தெரிந்த ஒரே கெட்ட வார்த்தையைச் சொல்லித் திட்டினார். படகில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். கதவு அசையவில்லை. நீலவேணி கையைக் காட்டினாள்.

"ஏழுமலை போறேன் மதகம்மா!" "நாகு போறேன்!" "பெரிய கபாலி போறேன்மா!"

மூன்றாவது குரல் அடங்குவதற்குள் கதவு ஏறத் தொடங்கியது. படகு போனதும் மூடிக்கொண்டு அடுத்த படகுக்குக் காத்தது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒவ்வொருமுறையும் அதேதான். ஷெரீபா மதில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "அல்லாவே," என்றார் மெதுவாக. கரையில் கூடியிருந்த பெண்கள் ஒவ்வொரு கதவு ஏறலுக்கும் கை தட்டினார்கள். மெல்லச் சிரித்துக்கொண்டு நின்ற நீலவேணிக்குப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை.

கடைசியாக ஜெகனின் படகு. அவன் பெயர் சொன்னான். உடன் போகும் மூவரும் சொன்னார்கள். கதவு அப்படியே இருந்தது.

"இன்னொருவாட்டி சொல்லுங்கடா!"

சொன்னார்கள். கத்திச் சொன்னார்கள். மதகம்மா அசைவதாக இல்லை. கரையில் கைதட்டல் நின்றது.

"நீலவேணி," என்றார் ஷெரீபா. "ஒரு படகுக்குத் திறக்கலன்னாலும் காரணம் நிரூபிக்கப்படலன்னுதான் அர்த்தம். சட்டம் அப்படித்தான் சொல்லுது."

நேற்றுப்போல் இன்றும் எங்கேயோ தவறு என்று நீலவேணிக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு அவள் தன் கணக்கைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டு, படகைப் பார்த்தாள். நடுவில் வலைக்குவியல். ஜெகன் அவளைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெகா, உன் போட்டுல எத்தினி பேரு?"

"நாலு பேருக்கா. பாக்கற இல்ல?"

"மதகம்மா இல்லன்றா. அவ பொய் சொல்ல மாட்டா."

ஜெகனின் கண் வலைக்குவியல் பக்கம் போய்த் திரும்பியது. அப்போது அவளுக்கு வஞ்சிரம் நினைவுக்கு வந்தது. கருக்கலில் கிளம்பும் நடைப்பயிற்சி நினைவுக்கு வந்தது. மற்ற நாட்களில் ஊரே கத்தும் சத்தத்துக்கு நடுவே வலைக்கு அடியிலிருந்து முணுமுணுப்பாக ஒரு திட்டு வந்தால் யாருக்குக் கேட்கும்? தண்ணீருக்குள் காது வைத்திருப்பவளுக்கு மட்டும் கேட்கும். இன்று மதில்மேல் மகள் நிற்கிறாள், பக்கத்தில் அதிகாரி நிற்கிறார். இன்று அந்த வாய் திறக்காது. திறந்தால் கடல்தகுதிப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். மறுபரிசோதனை கிடையாது, பொங்கல் கிடையாது, இனி கடலே கிடையாது.

அவள் ஒலிவாங்கியை எடுத்தாள்.

"அந்தப் போட்டுல பேர் சொல்லாத ஆளு ஒருத்தர் கீறாரு. நான் வந்து வலைய தூக்கிப் பாக்க மாட்டேன். அவரா சொன்னாத்தான் இந்தச் சோதன செல்லும். சொல்லலன்னா மத்தியானத்துக்கு மேல மதகம்மா இருக்க மாட்டா. அவ்ளோதான்."

தண்ணீர் கதவில் மோதித் திரும்பும் ஓசை மட்டும் கேட்டது. வலைக்குவியல் அசைந்தது. முதலில் ஒரு நரைத்த தலை, பிறகு தோளில் ஒட்டிய மீன்செதிலோடு தேசிங்கு எழுந்து நின்றார். ஒரு கையால் ஜெகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். மகளைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார்.

"தேசிங்கு போறேன் மதகம்மா!"

புயலன்று எப்படி ஒலித்திருக்குமோ அப்படி ஒலித்தது அது. டணார் என்று மணி அடித்தது. கதவு அதுவரை ஏறிய வேகத்தைவிட வேகமாக, தண்ணீர் சொட்டச் சொட்ட, உச்சி வரைக்கும் போய் நின்றது. கரையில் யாரோ குலவையிட்டார்கள். பிறகு எல்லாரும் இட்டார்கள்.

ஷெரீபா கையிலிருந்த ஆணையை மடித்துப் பைக்குள் வைத்தார். "அறிக்கையில அஞ்சாவது ஆள் இல்லாம இது நிக்காது," என்றார். "பேரோட வரணும். வந்தா அவருக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

படகு மதிலோரம் வந்து நின்றது. தேசிங்கு ஏணியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். சட்டப்படி அவர் அதற்கு மேல் போக முடியாது. ஜெகனின் படகு அவரை இறக்கிவிட்டுக் கடலுக்குள் போனது. அவர் அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நைனா," என்றாள் நீலவேணி.

"எய்து," என்றார் தேசிங்கு. "எம் பேர எய்து. வெறும் தேசிங்குன்னு எய்தாத, தாண்டவன் மவன் தேசிங்குன்னு முழுசா எய்து. என் மதகம்மா சரியாத்தான் எண்ணுனான்னு எய்து. அத்த கண்டுபுட்ச்சது எம் பொண்ணுன்னும் எய்து." அவர் கண் கலங்கியிருந்தது. முகத்தில் இருந்தது அழுகை இல்லை. ஊர் பார்க்க மார்பை நிமிர்த்திக்கொண்டு மதில்படிகளில் இறங்கி வீட்டுக்குப் போனார்.

*

சாயங்காலம் படகுகள் திரும்பின. வருடம் ஒன்றுக்குப் பிறகு குப்பம் மறுபடியும் ஒழுங்காகக் குரல் கொடுத்தது. "ஏழுமலை வந்துட்டேன்!" "பெரிய கபாலி வந்துட்டேன்மா!" ஜெகனும் அவன் ஆட்களும் கடைசியாக வந்து சொன்னார்கள். எல்லாப் படகும் உள்ளே வந்தாயிற்று. ராத்திரிக்குக் கடல் பொங்கும் என்று எச்சரிக்கை இருந்தது, இந்த மூன்று வாரத்தில் முதல்முறையாக. நீர் ஏற்கெனவே படித்துறையின் மேல்படியைத் தொட்டுவிட்டது. ஷெரீபா கதவைப் பார்த்தபடி காத்திருந்தார்.

மதகம்மா மூடவில்லை.

"இப்ப என்ன?" ஷெரீபாவின் குரலில் களைப்பு தெரிந்தது. "எல்லாரும்தான் வந்துட்டாங்களே. இதுக்கும் ஒரு காரணம் இருக்கணுமே."

நீலவேணி திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள், வெறுமையாகக் கிடந்த கழிமுகத்தைப் பார்த்தாள். இந்தமுறை அவளுக்கு எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் மதில்படிகளில் இறங்கி ஓடினாள்.

தேசிங்கு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். காலையில் இருந்த மிடுக்கெல்லாம் போய், கிழவராகிப் படுத்திருந்தார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"நைனா, எழுந்திரு."

"உடும்மா. இனிமே எனுக்கு கடலாண்ட இன்னா வேல கீது?"

"காத்தால போறேன்னு சொன்னியே, வந்துட்டேன்னு சொன்னியா?"

அவர் திரும்பினார். புரிய ஒரு கணம் ஆனது.

"இன்னும் தொறந்து வெச்சினு கீறா நைனா. தண்ணி ஏறிக்கினு கீது. வாரியத்துல இருந்து மூடு மூடுன்னு சொல்றாங்க. அவ உனுக்காக நிக்கறா."

தேசிங்கு எழுந்தார். வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று கையால் தலையைக் கோதிக்கொண்டார். சந்து வழியாக அப்பாவும் மகளும் நடந்து வந்தபோது, விஷயம் அவர்களுக்கு முன்பே ஓடிவிட்டிருந்தது. வாசல்களில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். படித்துறையில் தண்ணீர் அவர் கணுக்காலை நனைத்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தேசிங்கு வந்துட்டேன் மதகம்மா!"

மணி அடித்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அலைக்கதவு மெல்ல இறங்கிக் கடலை வெளியே நிறுத்தியது.